லாரி கிளம்புறதுக்குள்ள: தோண்டின மண்ணில் பெட்ரோல்

போன எபிசோட்ல போர்வெல் பத்திப் பேசினதுக்கு அப்புறம் நிறைய பேர் கிட்டத்தட்ட ஒரே கேள்வியை அனுப்பியிருந்தீங்க. "எங்க ஏரியாவுல பழைய பெட்ரோல் பங்க் ஒண்ணை மூடிட்டு அந்த இடத்துல அப்பார்ட்மெண்ட் கட்டுறாங்க. அங்க ஃப்ளாட் புக் பண்ணலாமா?" இதுக்கு ஒரே வார்த்தையில பதில் சொல்ல முடியாது. ஆனா பள்ளம் தோண்டினப்போ யாராவது மண்ணைப் பார்த்தாங்களான்னு விசாரிச்சா பாதி பதில் கிடைச்சிடும். இன்னிக்கு அந்தப் பாதியைப் பத்திதான் பேசப்போறேன்.

நான் ஜியாலஜி படிச்சவ. பொக்லைன் தோண்டும்போது பக்கத்துல நின்னு, வெளிய வர்ற மண்ணுல எண்ணெய் கலந்திருக்கான்னு பார்த்துச் சொல்றது என் வேலைகள்ல ஒண்ணு. வீட்ல கேட்டா, "மண்ணை வேடிக்கை பார்க்கிற வேலை"ன்னு சொல்லுவாங்க. தப்பில்ல.

முதல்ல ஒரு குழப்பத்தைத் தீர்த்துடலாம். எந்த பில்டர்கிட்ட கேட்டாலும், "சாயில் டெஸ்ட் எல்லாம் பண்ணிட்டோம்"னு சொல்லுவாங்க. அவங்க பொய் சொல்லல. ஆனா அந்த சாயில் டெஸ்ட் வேற. துளை போட்டு, ஒரு எடையைத் திரும்பத் திரும்ப விழவெச்சு, குழாய் ஒவ்வொரு 15 சென்டிமீட்டர் இறங்கறதுக்கும் எத்தனை அடி தேவைப்படுதுன்னு எண்ணுவாங்க. இந்த மண் எவ்வளவு எடையைத் தாங்கும், அஸ்திவாரம் எந்த ஆழத்துல போடணும்னு அதுல தெரியும். அந்த மண்ணுல பெட்ரோல் இருக்கா, டீசல் இருக்கான்னு அந்த ரிப்போர்ட்ல ஒரு வரிகூட இருக்காது. யாரும் அதைக் கேட்கவும் இல்ல.

சரி, மண்ணுக்குள்ள பெட்ரோல் எப்படிப் போகுது? பழைய பங்க்ல நிலத்துக்கு அடியில இரும்பு டேங்க் இருக்கும். 20,000 லிட்டர் டேங்க் எல்லாம் சாதாரணம். டேங்கைவிட அதுல இருந்து பம்ப்புக்கு வர்ற பைப் இணைப்புகள்லதான் எனக்குச் சந்தேகம் அதிகம். கடலோர ஊர்ல உப்பு ஈரம் இரும்பை விடாது. ஒரு கணக்குப் போடுவோம். ஒரு இணைப்புல வினாடிக்கு ஒரு சொட்டு கசியுது. ஒரு சொட்டு 0.05 மில்லின்னு வெச்சுக்கிட்டா ஒரு நாளைக்கு 4 லிட்டருக்கு மேல, வருஷத்துக்கு 1,500 லிட்டருக்கு மேல போகும். தினமும் ஆயிரக்கணக்குல லிட்டர் விக்கிற இடத்துல அந்த 4 லிட்டர் ஆவியாப் போன கணக்குல கலந்துடும். பத்து வருஷம் யாருக்கும் தெரியாம நடக்கலாம்.

பங்க் மட்டும் இல்ல. மெக்கானிக் ஷெட்ல பழைய இன்ஜின் ஆயிலை மண்ணுல ஊத்தியிருப்பாங்க. லாரி ஷெட், பழைய பஸ் டிப்போ, ஜெனரேட்டர் ரூம், பாய்லர் வெச்ச ஃபேக்டரி இதெல்லாம் அதே கதைதான். அதனால நான் சைட்டுக்குப் போனதும் முதல்ல பேசறது பக்கத்து டீக்கடைக்காரர்கிட்ட. "அண்ணே, இங்க முன்னாடி என்ன இருந்துச்சு?" பத்திரத்துல 'காலி மனை'ன்னு இருக்கும். டீக்கடை அண்ணனுக்கு, எந்த மூலையில எந்த ஷெட் இருந்துச்சு, யாரு டிரம்மை எங்க வெச்சிருந்தாங்கன்னு வரைக்கும் தெரியும்.

கசிஞ்ச பெட்ரோல் கீழ இறங்கும். தண்ணியைவிட லேசானதால நிலத்தடி நீரைத் தொட்டதும் அதுக்கு மேல மிதக்கும். இங்கதான் சென்னைக்கே உரிய ஒரு விஷயம் வருது. நம்ம ஊர்ல நிலத்தடி நீர் ஒரே மட்டத்துல நிக்கிறதில்ல. வடகிழக்குப் பருவமழை முடிஞ்சதும் மேல ஏறும், மே மாசத்துல கீழ போயிடும். அதோட சேர்ந்து மிதக்கிற எண்ணெயும் ஏறி இறங்கும். ஒவ்வொரு தடவையும் மண்ணுல கொஞ்சம் பூசிட்டுப் போகும். சுவத்துல ஒரே இடத்துல கையைத் தேச்சுத் தேச்சு அழுக்குப் பட்டை விழுமே, அந்த மாதிரி மண்ணுக்குள்ள ஒரு பட்டை உருவாகும். மேல ரெண்டு மீட்டர் மண் சுத்தமா இருக்கும், மூணாவது மீட்டர்ல அந்தப் பட்டை ஆரம்பிக்கும். மேல் மண்ணை மட்டும் பார்த்துட்டு "ஒண்ணும் இல்ல"ன்னு சொல்றவங்களை நான் நம்பறதே இல்ல.

அப்போ கண்ணுக்கு என்ன தெரியும்? நிறம் மாறும். பழுப்பா, செம்மண் சாயல்ல இருக்க வேண்டிய மண் சாம்பலாவோ பச்சை கலந்த சாம்பலாவோ மாறியிருக்கும். பெட்ரோலைச் சாப்பிடற பாக்டீரியா அங்க இருக்கிற ஆக்சிஜனைத் தீர்த்துடும். அப்புறம் மண்ணுல இருக்கிற இரும்போட வேதி நிலை மாறி, துரு நிறம் போயிடும். ஆனா ஜாக்கிரதை. சென்னையில நிறைய இடத்துல இயற்கையாவே கறுப்பு, சாம்பல் களிமண் இருக்கு. பழைய கழிவுநீர் தேங்கின மண்ணும் கறுப்பாதான் இருக்கும். அதுல அழுகின முட்டை நாத்தம் வரும், பெட்ரோல் வாடை வேற. நிறத்தை மட்டும் வெச்சு முடிவு பண்ணினா ரெண்டு பக்கமும் ஏமாறலாம்.

வாசனை? மூக்கு நல்ல கருவிதான், ஆனா நம்பக்கூடாத கருவி. பெட்ரோல்ல இருக்கிற பென்சீன் புற்றுநோயை உண்டாக்கும்னு உறுதியா நிரூபிக்கப்பட்ட பொருள். அதனால மண்ணைக் கையில எடுத்து மூக்குக்கிட்ட கொண்டுபோய் மோந்து பார்க்கிற பழக்கத்தை யாரும் செய்யாதீங்க. இன்னொண்ணு, மூக்கு சீக்கிரம் பழகிடும். பத்து நிமிஷம் அந்தப் பள்ளத்துல நின்னவருக்கு வாடையே தெரியாது. "வாசனை போயிடுச்சு மேடம்"னு சொல்லுவாங்க. போயிருக்காது.

ரொம்ப எளிமையான, எனக்குப் பிடிச்ச சோதனை ஒண்ணு இருக்கு. ஒரு கண்ணாடி ஜாடியில பாதி தண்ணி. அதுல ஒரு ஸ்பூன் மண்ணைப் போட்டு மெதுவா ஆட்டணும். எண்ணெய் இருந்தா மேல வானவில் நிறத்துல படலம் விரியும். இப்போ ஒரு குச்சியால அந்தப் படலத்தைக் கீறுங்க. பெட்ரோலியமா இருந்தா பிரிஞ்சு, சுத்தி வந்து திரும்பச் சேர்ந்துக்கும். இரும்பு பாக்டீரியா உண்டாக்கற படலமும் பார்க்க அச்சு அசல் இதே மாதிரி பளபளக்கும், ஆனா கீறினா உடைஞ்ச கண்ணாடி மாதிரி துண்டு துண்டாப் பிரிஞ்சு, அப்படியே நிக்கும். குட்டை ஓரத்துல அந்தப் பளபளப்பைப் பார்த்துட்டு எண்ணெய்க் கசிவுன்னு பயந்துடறவங்க நிறைய பேர் உண்டு. குச்சி இருந்தா போதும்.

அடுத்தது பி.ஐ.டி. ஒரு பெரிய டார்ச் லைட் சைஸ்ல இருக்கும். உள்ள ஒரு புற ஊதா விளக்கு இருக்கு. உறிஞ்சற காத்துல இருக்கிற ஆவி மூலக்கூறுகளை அது மின்னேற்றம் பண்ணி எண்ணிக் காட்டும். காலையில ஐசோபியூட்டிலீன் வாயு 100 பி.பி.எம் வெச்சு அளவைச் சரிபார்த்துட்டுதான் சைட்டுல இறங்கணும். ஜிப் வெச்ச பிளாஸ்டிக் பையில பாதி அளவுக்கு மண்ணைப் போட்டு மூடி, கட்டியை நசுக்கி, கொஞ்ச நேரம் விட்டுடுவோம். மண்ணுல இருக்கிற ஆவி மேல காலி இடத்துல சேரும். அப்புறம் பி.ஐ.டி மூக்கை உள்ள விட்டுப் படிப்போம். அதே சைட்ல சந்தேகமே இல்லாத மூலையில இருந்து எடுத்த மண்ணையும் இதே மாதிரி படிச்சு வெச்சுக்கணும். ஒப்பிட ஒண்ணு இல்லாம வெறும் நம்பருக்கு அர்த்தம் கிடையாது.

அதோட குறையையும் சொல்லிடறேன். பெட்ரோலை நல்லாப் பிடிக்கும், டீசலை அரைகுறையாப் பிடிக்கும். பழைய இன்ஜின் ஆயில் அவ்வளவா ஆவியாகாது, அதனால அதைக் கண்டுக்காது. மெக்கானிக் ஷெட் இருந்த இடத்துல பி.ஐ.டி பூஜ்யம் காட்டுதுன்னு சந்தோஷப்படக்கூடாது. அங்க ஜாடிதான் உதவும். மழை நாள் ஈரமும் அதுக்கு ஆகாது.

இப்போ ஒரு சைட் கதை. கம்பெனி பேர் வேண்டாம். சென்னைக்குள்ளதான், பேஸ்மெண்ட் பார்க்கிங்கோட அஞ்சு மாடி வர்ற இடம். முன்னாடி பங்க் இருந்து, அப்புறம் டூவீலர் ஷெட் ஆன மனை. எனக்குப் போன் வந்தது காலையில பத்தரை மணிக்கு. கூப்பிட்டது சைட் இன்ஜினியர் இல்ல, பொக்லைன் ஆபரேட்டர் ஒருத்தர். முன்னாடி ஒரு வேலையில பழக்கம்.

"யம்மா, இங்க மண்ணு ஒரு மாதிரி வருது. நம்ம பையனுக்குத் தலை சுத்துதுங்கறான். வந்து பாரும்மா."

"அண்ணே, வண்டியை ஆஃப் பண்ணிட்டு எல்லாரையும் மேல ஏறச் சொல்லுங்க. பீடி, சிகரெட் யாரும் பத்த வைக்க வேணாம்."

நான் முதல்ல இதைச் சொன்னதுக்குக் காரணம் இருக்கு. பெட்ரோல் ஆவி காத்தைவிட மூணு நாலு மடங்கு கனம். பள்ளத்துல போய்த் தேங்கும். காத்துல அது வெறும் 1.4 சதவீதம் இருந்தாலே தீப்பொறி பட்டா பத்திக்கும். மூணு மீட்டர் பள்ளத்துல, காத்து வீசாத நேரத்துல, அந்த அளவு வர்றது அபூர்வம் இல்ல.

போய்ப் பார்த்தா நான் சொன்ன அதே பட்டை. மூணு மீட்டர் ஆழத்துல, சாம்பல் பச்சை. சைட் இன்ஜினியர் சின்னப் பையன், பதட்டத்துல இருந்தார். "மேடம், இது பழைய செப்டிக் டேங்க் நாத்தம். இன்னிக்கு முப்பது லோடு போகணும், லாரி வாடகை ஓடிட்டிருக்கு." அவர் மேல கோபம் வரல. அன்னிக்கு சாயந்திரம் முப்பது லோடு கணக்கு காட்ட வேண்டியது அவர்தான். மேல் மூலை மண்ணுல பி.ஐ.டி 1, 2ன்னு காட்டிச்சு. பட்டையில எடுத்த பையில 300-ஐத் தாண்டிச்சு. ஜாடியில படலம் வந்துச்சு, குச்சியால கீறினதும் திரும்பச் சேர்ந்துச்சு. அதை அவர் கையாலயே பண்ணச் சொன்னேன். அதுக்கப்புறம் செப்டிக் டேங்க் பேச்சு வரல.

ஆனா அதுக்குள்ள நாலு லோடு கிளம்பியிருந்துச்சு.

இதுதான் இந்த எபிசோட்ல எனக்கு முக்கியமான விஷயம். சென்னையில தோண்டற மண் குப்பை இல்ல, சரக்கு. ஊருக்கு வெளிய தாழ்வான மனை வெச்சிருக்கிறவங்க ஃபில்லிங் மண்ணுன்னு காசு கொடுத்து வாங்கறாங்க. அன்னிக்கு அந்த நாலு லோடும் ஒரு புது மனைப்பிரிவுக்குப் போயிருந்துச்சு. டிரைவரைக் கூட்டிக்கிட்டுப் போனோம். ரெண்டு லோடு குவியலாவே இருந்துச்சு, அடையாளம் தெரிஞ்சுது, திரும்ப அள்ளிட்டோம். மத்த ரெண்டும் ஜே.சி.பி நிரவிட்டுப் போயிடுச்சு. அஞ்சாறு சைட்ல இருந்து வந்த மண்ணோட கலந்து, ரோலரும் ஓடியாச்சு. அங்கங்க பை போட்டுப் படிச்சோம். ஒரு இடத்துல கொஞ்சம் காட்டிச்சு, அங்க அள்ளினோம். அதுக்கு மேல முடியல. அந்த மனைக்காரங்களுக்கு விஷயத்தைச் சொல்லி, அந்த இடத்துல போர் போட்டா தண்ணியை டெஸ்ட் பண்ணச் சொல்லி எழுதிக் கொடுத்தோம். ஒரு அம்மா, "நாங்க நகையை வெச்சு வாங்கின மனை மேடம்"னு மட்டும் சொன்னாங்க.

பக்கெட்ல இருந்து லாரிக்கு மண் போற நேரம் ஒரு நிமிஷம்கூட இல்ல. அந்த நேரத்துல பார்த்தா அது ஒரு பள்ளத்தோட பிரச்சினை. லாரி கிளம்பிட்டா முகவரி தெரியாத நாலு வீட்டோட பிரச்சினை. அதனாலதான் சந்தேகமான மனையில ஒரு ஆள் பக்கத்துலயே நிக்கணும்னு சொல்றேன். சந்தேகப்பட்ட மண்ணைத் தனியா, தார்ப்பாய் விரிச்சு அதுமேல கொட்டி, மேலயும் தார்ப்பாய் போட்டு மூடணும். மழைத் தண்ணி அதுல பட்டு ஓடக்கூடாது. லேப் ரிசல்ட் வர்ற வரைக்கும் அது அங்கயே இருக்கணும்.

லேபுக்கு சாம்பிள் எடுக்கிறதுலயும் ஒரு நுணுக்கம் இருக்கு. வழக்கமா மண் சாம்பிள்னா நாலு இடத்துல எடுத்து ஒண்ணாக் கலந்து அனுப்புவாங்க. பெட்ரோலுக்கு அப்படிப் பண்ணினா கலக்கும்போதே பாதி ஆவியாப் போயிடும். தோண்டின உடனே, வெயில் பட்டுக் காயாத மண்ணை, கலக்காம, சின்னக் கண்ணாடிக் குப்பியில இறுக்கி மூடி ஐஸ் பெட்டியில வைக்கணும். பொக்லைன் பக்கெட்டோட நடுவுல இருந்து எடுக்கணும், ஓரத்துல ஒட்டினதை எடுத்தா மெஷினோட கிரீஸும் சேர்ந்து வரும்.

ரிசல்ட்டை எதோட ஒப்பிடறது? நெதர்லாந்து நாட்டு அளவுகளைப் பல கன்சல்டன்ட்கள் எடுத்துக்கறாங்க. அதுல மொத்த மினரல் ஆயில் ஒரு கிலோ மண்ணுக்கு 5,000 மில்லிகிராமைத் தாண்டினா தலையிட்டே ஆகணும். பென்சீனுக்கு அதே எல்லை வெறும் 1.1 மில்லிகிராம். வித்தியாசத்தைப் பாருங்க. "மொத்த எண்ணெய் 800தான், எல்லைக்கு ரொம்பக் கீழ"ன்னு ஒரு ரிப்போர்ட் வந்தா, பென்சீன் தனியாப் பார்த்தாங்களான்னு கேட்கணும்.

கெட்ட மண்ணை என்ன பண்றது? அபாயகரமான கழிவு அளவுக்குப் போனா 2016 விதிகள்படி அதுக்கான இடத்துக்குத்தான் அனுப்பணும். நம்ம பக்கத்துல கும்மிடிப்பூண்டியில அப்படி ஒரு நிலையம் இருக்கு. அளவு கம்மின்னா குவியலாப் போட்டு, காத்தும் சத்தும் கொடுத்து, பாக்டீரியாவைச் சாப்பிட விடலாம். மாசக்கணக்குல ஆகும், இடமும் வேணும். சிட்டிக்குள்ள யாருக்கு அந்தப் பொறுமை.

பள்ளத்துல தண்ணி இறைக்கிறதைப் பத்தியும் சொல்லணும். பேஸ்மெண்ட் தோண்டும்போது மோட்டார் போட்டு ராத்திரி பகலா இறைப்பாங்க. சுத்தி இருக்கிற நிலத்தடி நீர் எல்லாம் அந்தப் பள்ளத்தைப் பார்த்து ஓடி வரும், கூடவே பக்கத்து மனையில மிதக்கிற எண்ணெயும். உங்க மனை சுத்தமா இருந்தாலும் பத்தாவது நாள் தண்ணி மேல படலம் தெரியலாம். அந்த மோட்டார் பைப் போறது பெரும்பாலும் மழைநீர் வடிகாலுக்கு. அந்தப் பைப் வாயில தினமும் ஒரு ஜாடி தண்ணி பிடிச்சுப் பார்க்கிறதுக்கு யாரும் பொறியியல் படிக்க வேண்டியதில்ல.

நிலத்தடியில இது எவ்வளவு தூரம் போகும்ங்கறதுக்கு தண்டையார்பேட்டை ஒரு உதாரணம். 2013-ல அங்க சில தெருக்கள்ல போர் தண்ணியில பெட்ரோலிய வாடை வந்துச்சு. துறைமுகப் பக்கத்துல இருந்து போற நிலத்தடி எண்ணெய்க் குழாய்ல கசிவு. பசுமைத் தீர்ப்பாயத்தோட தென்மண்டல அமர்வு வரைக்கும் விஷயம் போச்சு. அந்தப் பக்கம் எல்லாம் கடலோர மணல், எண்ணெய் ஓடறதுக்குத் தடையே இல்ல. முதல்ல கண்டுபிடிச்சது எந்தக் கருவியும் இல்ல, வீட்டுல குடத்தைப் பிடிச்சவங்கதான்.

பள்ளத்தை மூடி, கட்டடம் எழும்பிட்டா என்ன ஆகும்னு கேட்பீங்க. ரெண்டு வழியில அது வீட்டுக்குள்ள வரும். ஒண்ணு, ஆவியா, பேஸ்மெண்ட் விரிசல் வழியா, லிஃப்ட் குழி வழியா. இன்னொண்ணு பலருக்குத் தெரியாது. கறுப்பு பாலிஎத்திலீன் தண்ணி பைப் இருக்கே, பென்சீன் மாதிரி மூலக்கூறுகள் அதோட சுவரையே ஊடுருவி உள்ள போகும். பைப்ல ஓட்டை இருக்கணும்னு அவசியமே இல்ல. அந்த மாதிரி மண்ணுல பதிக்கணும்னா உலோகப் பைப்போ, தடுப்பு அடுக்கு வெச்ச பைப்போதான் போடணும்.

சட்டம் என்ன சொல்லுது? மாசடைஞ்ச இடங்களைக் கண்டுபிடிச்சு சுத்தம் பண்றதுக்குன்னு மத்திய அரசு 2025 ஜூலையில தனி விதிகளை அறிவிச்சிருக்கு. நல்ல விஷயம். ஆனா அது இடத்தை அடையாளம் கண்டு, ஆய்வு பண்ணி, பட்டியல்ல சேர்க்கிற வேகத்துல நடக்கும். பொக்லைன் அந்த வேகத்துல நடக்காது.

சரி, ஃப்ளாட் கேள்விக்கு வர்றேன். பழைய பங்க் இடம்ங்கறதுக்காகவே ஓட வேண்டியதில்ல. நிறைய இடங்கள் சுத்தமா இருக்கு, நானே பார்த்திருக்கேன். பில்டர்கிட்ட மூணு விஷயம் கேளுங்க. பழைய டேங்கையும் பைப்பையும் எடுத்தப்போ அடியில இருந்த மண்ணோட லேப் ரிப்போர்ட் இருக்கா? அதுல பென்சீன் தனியா இருக்கா? தோண்டின மண் எங்க போச்சு? மூணாவது கேள்விக்கு முகத்தைப் பாருங்க. முதல் ரெண்டுக்கும் பதில் வெச்சிருக்கிற பில்டர் இதுக்கும் வெச்சிருப்பார். ஏற்கெனவே குடி போயிட்டீங்கன்னா, பேஸ்மெண்ட்ல காலையில முதல்ல இறங்கும்போது வாடை வருதான்னு கவனிங்க. கார் எல்லாம் ஸ்டார்ட் ஆனதுக்கு அப்புறம் பார்த்துப் பிரயோஜனம் இல்ல. போர் தண்ணியை அங்கீகாரம் பெற்ற லேப்ல, பெட்ரோலிய ஹைட்ரோகார்பனுக்குன்னு குறிப்பிட்டுச் சொல்லி டெஸ்ட் பண்ணுங்க. சாதாரண குடிநீர் டெஸ்ட்ல அது வராது.

ஊருக்கு வெளிய மனை வாங்கி மண் அடிக்கப் போறவங்களுக்கும் ஒண்ணு. முதல் லோடு இறங்கும்போது நீங்க அங்க இருங்க, ஒரு ஜாடி, ஒரு குச்சி எடுத்துக்கிட்டுப் போங்க. டிரைவர் அண்ணன்கிட்ட எந்த சைட் மண்ணுன்னு கேட்டு, வண்டி நம்பரோட எழுதி வெச்சுக்கோங்க.

அடுத்த எபிசோட்ல பேஸ்மெண்ட் தண்ணி இறைக்கிறதால பக்கத்து வீட்டுச் சுவர் ஏன் விரிசல் விடுதுன்னு பேசலாம். உங்க தெருவுல அப்படி நடந்திருந்தா போட்டோ அனுப்புங்க, கட்டடத்தோட பேர் தெரியாம எடுங்க.